வேர்முடிச்சும் அன்னாசி இலையும்

தட்டச்சு செய்ததையெல்லாம் படித்துவிட்டதாகவும், படித்ததையெல்லாம் புரிந்துகொண்டுவிட்டதாகவும் எண்ணிக்கொள்ளும் வியாதி எனக்கு இளமையிலேயே உண்டு. அதனால் நான் ஒருவன் மட்டும் கெட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் என் அக்காவின் தோட்டத்தை என் கையாலேயே கெடுத்தேன். செடிகளுக்கு வந்த நோயை உரம் என்று சொல்லி, பொடிப்பொடியாக நறுக்கி, பாத்தி பாத்தியாகப் புதைத்தேன். புதைத்துவிட்டு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று, அதைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். கேட்டுக்கொண்டிருந்தது அக்கா ஒருத்திதான். நம்பியதும் அவள் ஒருத்திதான்.

சண்டைக்கு முன்பு கோலாலம்பூரில் விவசாயம் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் நான் தட்டச்சுக் குமாஸ்தா. ரப்பர்த் தோட்டங்களுக்குப் போகும் சுற்றறிக்கைகளை அடித்துத் தள்ளுவது என் வேலை. ரப்பர் மரங்களுக்கு நடுவே அவரை இனத்துக் கொடிகளைப் படரவிட வேண்டும். அந்தக் கொடிகளின் வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். அவை காற்றிலுள்ள சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். இந்த மூன்று வரிகளை எத்தனை நூறு தடவை அடித்திருப்பேனோ தெரியாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அப்போது யாரும் எழுப்பிக் கேட்கவில்லை என்பது ஒரு குறை.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் அக்கா வீடு. மாமா, அதாவது அக்காவின் கணவர், தண்டவாளம் செப்பனிடும் கூட்டத்துக்கு மேஸ்திரி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தேன். கல்யாணமாகாதவன், வாடகை கொடுக்காதவன், சாப்பாட்டில் குறை சொல்கிறவன். வீட்டுக்குப் பின்னால் நிலம் ஆற்றை நோக்கிச் சரிந்து போகும். ஜப்பான்காரன் வந்து, கப்பலில் அரிசி வருவது நின்று, வீட்டுக்கு வீடு பயிர் போடு என்று உத்தரவு வந்தபோது, மாமா அந்தச் சரிவை வெட்டி ஐந்து பாத்தி ஆக்கினார். மேலே மூன்று, கீழே ஆற்றோரமாக இரண்டு. வெண்டி, கத்திரி, பயற்றங்காய், ஓரமாக மரவள்ளி. முதல் வருஷம் நன்றாகவே காய்த்தது. பயற்றஞ்செடியைப் பிடுங்கி, வேரிலிருந்த முடிச்சுகளைக் காட்டி, சுற்றறிக்கையை நான் ஒப்பித்ததும் அந்த வருஷம்தான். அந்த ஒரு தடவை நான் சொன்னது சரி. அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

பிறகு ரயில்வே ஆட்களில் பாதிப் பேரைச் சயாமில் ரயில் பாதை போட அனுப்பினார்கள். மூன்று மாதம் என்றார்கள். மாமா கிளம்பிய அன்று காலை, பின்கதவருகே நின்று அக்காவிடம் வெகுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். புருஷன் பெண்டாட்டி பேச்சு, நமக்கென்ன என்று நான் நாகரிகமாக முன்வாசலுக்குப் போய்விட்டேன். வந்து என் தோளைத் தட்டினார். "அக்காவப் பாத்துக்க, மாப்ள" என்றார். "நான் இருக்கேன், மாமா" என்றேன். அந்த மூன்று மாதம் வெறும் சொல்லாகவே நின்றுவிட்டது, மாமா திரும்பவில்லை. ஒரு கடிதமும் இல்லை.

மாமா போனபின் வந்த மழைக்காலத்துக்குப் பிறகுதான் வெண்டிச் செடிகள் வாடத் தொடங்கின. அக்கா ஒன்றைப் பிடுங்கி என்னிடம் கொண்டுவந்தாள்.

"தம்பி, இங்க பாரேன். வேரெல்லாம் மொழி மொழியா இருக்கு. வாதம் வந்தவன் கை மாதிரி."

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். வேர் முழுக்க முடிச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அக்கா, இது நல்லதுக்கா! பயத்தங்காய்ல காட்டினேனே, அதே முடிச்சுதான். காத்துல இருக்கிற சத்தப் பிடிச்சு வச்சிருக்கு."

"செடி வாடுதேடா."

"வெயிலு."

"உங்க மாமா சொன்னாரு, வேரு இப்படி ஆச்சுன்னா ஆத்துத் தண்ணியத் திருப்பிப் பாத்தியில நிக்க விடணும்னு."

"தண்ணி நின்னா முடிச்செல்லாம் அழுகிப் போயிடும்க்கா. மாமா தண்டவாளம் போடுறவரு. இது வேற. இது சயின்ஸ்."

அவள் வேரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீ படிச்சவன்" என்றாள். அதில் கிண்டல் எதுவும் இல்லை. இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

வாடிய செடிகளைப் பிடுங்கிக் கொளுத்துவதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். நான் கொளுத்த விடவில்லை. இவ்வளவு சத்தைத் தீயில் போடுவதா? ஒரே ஒரு பாத்தியில் இருந்த நோயை நறுக்கி ஐந்து பாத்திக்கும் சமமாகப் பங்கிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன லா குமாஸ்தா, செத்த செடிக்குக் காரியம் பண்றீங்களா?"

"உரம்" என்றேன்.

"எங்க வீட்டுப் பக்கம் போட்டுறாதீங்க, சாமி."

அடுத்த விதைப்பில் ஐந்து பாத்தியும் ஒன்றாக மஞ்சளடித்தன. பயறு முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. கத்திரி பூத்ததோடு சரி. மரவள்ளி மட்டும் யார் என்ன செய்தாலும் எனக்கென்ன என்று வளர்ந்தது. ஆகவே மரவள்ளியைத் தின்றோம். அவித்து, அரைத்து, தோசையாக ஊற்றி, வெயிலில் காயவைத்து. வேஷம்தான் மாறியது, ஆள் அதே ஆள். பங்கீட்டில் கிடைக்கும் பிடி அரிசியை அக்கா எனக்கு மட்டும் பொங்கிப் போட்டாள். "ஆபீஸ் போறவன், தலை சுத்தி விழுந்துட்டா?" என்பாள். ஆபீசில் எனக்கு வேலையே இல்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே விழ வசதி உண்டு என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாப்பிட்டேன்.

அக்காவுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால் வரை. டாக்டருக்கு உதவியாக இருக்கும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒருவர் எங்கள் வரிசையிலேயே குடியிருந்தார். நல்ல மனிதர், தூங்காத கண். வந்து அவள் கெண்டைக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"இந்த லைன்ல பாதிப் பேருக்கு இதான். மரவள்ளிய மட்டும் தின்னா வரும். ஊசி மருந்தெல்லாம் கேக்காதீங்க, கிடையாது. தவிடு கிடைச்சா தின்னுங்க. பயறு தின்னுங்க, தினமும். விட்டா நெஞ்சுக்கு ஏறிடும், அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது." பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "தோட்டம் இருக்கே. பயறு போட்டிருக்கீங்கல்ல?"

"போட்டிருக்கோம், அண்ணே" என்றாள் அக்கா, நான் வாயைத் திறப்பதற்குள்.

பாசாரில், அதாவது சந்தையில், பயறு கண்ணில் படாத காலம். தவிட்டுக்குக் கோழி வளர்ப்பவர்களோடு போட்டி. அக்கா பிழைப்பதானால் அந்த ஐந்து பாத்தியில் பயறு விளைய வேண்டும். வேறு வழி இல்லை.

அலுவலகத்தில் அப்போது எனக்குக் கொடுத்திருந்த வேலை, பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்து, பின்பக்கம் வெறுமையாக இருக்கும் தாள்களைக் கிழித்து எடுப்பது. காகிதத்துக்கு அவ்வளவு பஞ்சம். கிழிக்கப் போன ஒரு தாளில் அக்கா காட்டிய அதே வெண்டி வேர் படமாக இருந்தது. நின்றுகொண்டே படித்தேன். தட்டச்சு செய்யாமல் ஒன்றைப் படித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு. விலாங்கு மீன் போல நெளிவது. நூற்புழு என்று இப்போது சொல்கிறார்கள். வேருக்குள் புகுந்து, வேரை வீங்க வைத்து, அந்த வீக்கத்துக்குள் உட்கார்ந்து செடியைத் தின்கிறது. நல்ல முடிச்சுக்கும் கெட்ட முடிச்சுக்கும் வித்தியாசம் காண வழியும் போட்டிருந்தது: கட்டைவிரலால் தேய்த்துப் பார். உதிர்ந்து வந்தால் நல்லது. வேரோடு வேராக நின்றால் புழு.

வீட்டுக்கு வந்து தேய்த்துப் பார்த்தேன். ஒன்றுகூட உதிரவில்லை. பாத்தி பாத்தியாகத் தேய்த்தேன்.

அன்றே அக்காவிடம் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். மூன்று நாள் கழித்துச் சொன்னேன். அவள் முறத்தில் மரவள்ளித் துண்டுகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"சரி, விடு. தெரிஞ்சா செஞ்ச?" என்றாள். பிறகு, "அப்ப அந்தத் தண்ணி..." என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் வேணாம்க்கா. அதவிட நல்லது ஒண்ணு படிச்சேன்!"

படித்திருந்தேன். மூன்று நாளும் சும்மா இருக்கவில்லை. கட்டுகளைக் குடைந்து இன்னொரு கட்டுரை பிடித்திருந்தேன். மண்ணில் ஒருவகைப் பூசணம் இருக்கிறதாம். நூலாகப் படர்ந்து, நூலின் நுனியில் சுருக்குப் போட்டுக்கொண்டு காத்திருக்குமாம். புழு அதற்குள் தலையை விட்டால் சுருக்கு இறுகும். பூசணம் புழுவைத் தின்றுவிடும். அன்னாசி இலையை நறுக்கிப் புதைத்தால், அது அழுக அழுக, மண்ணில் இந்தச் சுருக்குக்காரர்கள் பெருகுவார்கள். முள்ளை முள்ளால் எடுப்பது போல, விஷமில்லாமல், செலவில்லாமல், மண்ணுக்குள்ளேயே காவல் வைக்கும் வித்தை. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு தடவை வேர்முடிச்சைப் பார்த்துப் பட்ட அதே சந்தோஷம். அப்போதாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அக்கா நான் சொல்வதை முழுக்கக் கேட்டாள். "சுருக்குப் போடுதா? பூசணமா?" என்றாள். "சரி, செஞ்சு பாரு."

அன்னாசிக்குக் கிள்ளான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, ஸ்டேஷனிலிருந்து நடந்து, ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், அன்னாசித் தோட்டம் வைத்திருந்த மலாய்க்காரரைப் பிடித்தேன். சாக்கை விரித்துக் காட்டி இலை கேட்டேன்.

"டாவுன் சாஜா? புவா தா மாவு?" என்றார். இலை மட்டுமா, பழம் வேண்டாமா என்று.

இலைதான் வேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். சண்டையில் புத்தி பேதலித்தவர்களை அந்தக் கம்பத்திலும் பார்த்திருப்பார் போலிருக்கிறது. தானே வெட்டிக் கொடுத்து, பாவம் என்று ஒரு பழத்தையும் மேலே வைத்துக் கட்டிவிட்டார். அக்காவுக்காகவாவது அதை மடியில் மறைத்திருக்க வேண்டும். ஸ்டேஷனில் காவலுக்கு நின்ற ஜப்பான்காரன் சாக்கைப் பிரிக்கச் சொன்னான். பழத்தை எடுத்துக்கொண்டான். அரிசி ஒளித்திருக்கிறேனா என்று இலைக்குள் கையை விட்டான், முள் கிழித்துவிட்டது. முள் செய்ததற்கு எனக்குக் கன்னத்தில் கிடைத்தது. அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும்.

பக்கத்து வீட்டு அக்கா வேலியிலேயே குடியிருந்தாள் போலும். "கிள்ளான் வரைக்கும் போயி அன்னாசி இலை கொண்டாந்த ஒரே ஆளு நம்ம குமாஸ்தாதான்!" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். நான் பாராங் கத்தியால் இலையை நறுக்க, அக்கா முக்காலியில் உட்கார்ந்து, வீங்கின காலை நீட்டிக்கொண்டு, கூடையில் அள்ளிப் போட்டாள். கை முழுக்கக் கீறல். ஐந்து பாத்தியிலும் புதைத்து மூடினோம்.

"எத்தினி நாளாகும்டா?"

"ரெண்டு மூணு மாசம்க்கா. அழுகணும்ல."

"ம். இருக்கேன்" என்றாள்.

வருஷக் கடைசி மழையில் ஆறு பொங்கி, கீழ்ப்பாத்தி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. மேல் பாத்திகள் தப்பின. என் சுருக்குக்காரர்களுக்கு நீந்தத் தெரியுமா என்று கட்டுரையில் போடவில்லை. மழை விட்டு ஆறு இறங்கிய பிறகும் கீழே தண்ணீர் தேங்கியே நின்றது. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரையை வெட்டிவிடக் கிளம்பினேன். பின்படியில் உட்கார்ந்திருந்த அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வெட்டாதடா. நிக்கட்டும்."

"பூசணம் செத்துடும்க்கா."

"நிக்கட்டும்னா நிக்கட்டும். அதுவா வடியும். நீ வேற அதுல இறங்கிக் காய்ச்சல் வாங்கிக்காத."

என் உடம்பைப் பற்றி அவளுக்கிருந்த கவலை என்னைத் தொட்டது. மண்வெட்டியைச் சாய்த்து வைத்தேன். தண்ணீர் ஒரு மாதம் போல நின்றது. அவள் தினமும் அந்தப் படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவை நினைத்துக்கொள்கிறாள் என்று நான் தனியே விட்டுவிடுவேன்.

தண்ணீர் வடிந்ததும் ஐந்து பாத்தியிலும் பயறு ஊன்றினேன். மேல் பாத்தி மூன்றிலும் பழையபடி மஞ்சள். கீழ்ப்பாத்தியில் கொடி பச்சையாக எழுந்து, குச்சியைச் சுற்றி, பூத்து, காய்த்துத் தொங்கியது. மேலே இலை சரியாக அழுகவில்லை, கீழே ஈரத்தில் நன்றாக அழுகிற்று, அதனால் சுருக்குக்காரர்கள் பெருகினார்கள் என்று நான் காரணம் கண்டுபிடித்தேன். ஒரு தாளில் எழுதியும் வைத்தேன், சண்டை முடிந்ததும் எங்காவது அனுப்பலாம் என்று.

முதல் காய்களை அவித்து அக்காவுக்குக் கொடுத்தபோது அவள் படுக்கையில் இருந்தாள். மூச்சு வாங்கியது. நாலு காய்க்கு மேல் இறங்கவில்லை. டிரஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்துப் போய், "இன்னும் ரெண்டு மாசம் முன்னால கிடைச்சிருந்தா" என்றார். அவர் பயற்றைத்தான் சொன்னார். இரண்டு மாதமென்ன, ஒரு வருஷம் முன்னாலேயே கிடைத்திருக்கும். அந்தக் கணக்கு எனக்கு மட்டும் தெரியும்.

அவளுக்கு எதையாவது காட்ட வேண்டும் என்று இருந்தது. கீழ்ப்பாத்திக்கு ஓடி, நன்றாகக் காய்த்திருந்த கொடி ஒன்றை வேரோடு பிடுங்கி, கழுவி, சொட்டச் சொட்ட அவள் கட்டிலுக்குக் கொண்டுவந்தேன். வேர் வெள்ளையாக, ஒழுங்காக இருந்தது. சின்னச் சின்னதாக நல்ல முடிச்சுகள் மட்டும்.

"காய் புடிச்ச கொடியையாடா புடுங்கின?" என்றாள்.

"வேரப் பாருக்கா. தேச்சுப் பாரு."

கட்டைவிரலால் தேய்த்தாள். ஒரு முடிச்சு உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எந்தப் பாத்தி?"

"கீழ்ப்பாத்தி. மேல இன்னும் சரியாவல."

"ம்" என்றாள். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. பிறகு என் தலையைத் தடவி, "கெட்டிக்காரன்டா நீ" என்றாள்.

நான்கு நாள் கழித்து இறந்துபோனாள். கீழ்ப்பாத்தியில் காய் முற்றி வெடித்தது, பறிக்கத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் கேட்காமலே வந்து பறித்து, காயவைத்து, விதைக்குத் தனியாக முடிந்து என்னிடம் கொடுத்தாள். அவள் ஒன்றும் பேசாமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

ஜப்பான்காரன் தோற்றுப் போன பிறகு, அந்த வருஷ முடிவில், மாமா வந்து சேர்ந்தார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு. அவருக்கு வழியிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குள் போகாமல் நேரே பின்பக்கம் போய்ப் படியில் உட்கார்ந்தார், அவள் உட்காரும் அதே படியில். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முடிச்சை உரமென்று நினைத்தது, புதைத்தது, புழு, சுருக்குப் போடும் பூசணம், கிள்ளான், அன்னாசி இலை. என் குற்றத்தை மறைக்கவில்லை. கீழ்ப்பாத்தி தேறியதையும் மறைக்கவில்லை; அந்த ஒன்றாவது என் பேரில் இருக்கட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே சொன்னேன்.

அவர் ஆற்றைப் பார்த்தபடியே கேட்டார்.

"பழம் குடுத்தாரே, அந்த மலாய்க்காரரு. அத யாரு தின்னா?"

"காவல்காரன் எடுத்துக்கிட்டான், மாமா."

"ம். பயறு போடுறதுக்கு முன்ன கீழ்ப்பாத்தியில தண்ணி நின்னுச்சா?"

"நின்னுச்சு. ஒரு மாசம்."

"மேல நிக்கல."

"இல்ல."

மாமா குனிந்து, கால் புண்ணைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டார்.

"தண்ணி நின்னா அந்த முடிச்சு செத்துரும், மாப்ள. போற அன்னிக்கு, இந்தா, இந்தக் கதவுகிட்ட நின்னு அவகிட்ட அதத்தானே அவ்வளவு நேரம் சொல்லிட்டுப் போனேன். உன்கிட்ட சொல்லலையா?"